நாற்காலியில் அமர்ந்து உடற்பயிற்சி: நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்றதா?

 

நமதூர்ப் பள்ளிவாசல்களில் சுவரோரமாகப் போட்டிருக்கும் நாற்காலிகளைக் கவனித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ஒன்றோ இரண்டோ கிடந்த இடத்தில் இன்று ஒரு வரிசையே நிற்கிறது. ருகூஉ வரை சமாளித்துவிடுகிறேன், சுஜூதுக்குப் போனால் திரும்ப எழ முடியவில்லை என்று சொல்பவர்களுக்காகப் போடப்பட்டவை அவை. இயலாதவருக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது. அதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பள்ளியில் கிடக்கும் நாற்காலிகளையாவது எண்ணிவிடலாம். வீட்டுக்குள் தொழும் பெண்களின் நாற்காலிகளை யாரும் எண்ணுவதில்லை.

நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் முட்டிவலி, இடுப்புவலி, வழுக்கி விழுந்து எலும்பு முறிவு ஆகிய மூன்றும் அடிக்கடி வருகின்றன. அறுவை சிகிச்சைக்கு உதவுகிறோம். வாக்கர் வாங்கித் தருகிறோம். விழுவதற்கு முன்னால் ஏதாவது செய்யக்கூடாதா என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் பலமுறை எழுந்தது. அதன் விளைவாகத்தான் பெண்கள் மதரஸாவின் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு நாற்காலிப் பயிற்சி வகுப்பை முயன்று பார்த்தோம். வெளியுலகில் இதற்கு ‘நாற்காலி யோகா’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் பல வீடுகளில் எழுந்த தயக்கத்தைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறோம். முதலில், இப்படி ஒரு பயிற்சி ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

நம் உம்மம்மாமார் வாழ்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் மீன் ஆய்ந்தார்கள். தரையில் அமர்ந்து நாலைந்து பேராகச் சஹனில் சாப்பிட்டார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். அது போக ஐந்து வேளைத் தொழுகை. ஒரு நாளில் எத்தனை முறை அமர்ந்து எழுந்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை. உடற்பயிற்சி என்ற சொல்லையே அறியாமல் தொடைக்கும் இடுப்புக்கும் நாள் முழுவதும் வேலை கொடுத்தார்கள். இன்று மேடை அடுப்பு, சாப்பாட்டு மேசை, கட்டில், மேற்கத்தியக் கழிப்பறை, சோபா என்று ஒவ்வொன்றாக வந்து, தரைக்குப் போய் வரும் வேலையைக் குறைத்துவிட்டன. கடைசியில் தரைக்குப் போகும் ஒரே சந்தர்ப்பமாகத் தொழுகை மட்டும் மிஞ்சியது. முட்டி வலித்ததும் அதற்கும் நாற்காலி வந்துவிட்டது. வசதிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத வீட்டில் ஒரு வயதானவர் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் வேலை கொடுக்காத தசை மெலியும். அந்த வேலையை வேறு வழியில்தான் கொடுத்தாக வேண்டும்.

முப்பது வயதைத் தாண்டியபின் ஒவ்வொரு பத்தாண்டிலும் உடலின் தசை ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் இந்த இழப்பு இன்னும் வேகமெடுக்கிறது என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தொடையின் முன்பக்கத் தசைதான் முட்டிக்குத் தாங்குகோல். அது மெலிந்தால் உடலின் பாரம் நேராக மூட்டில் விழுகிறது. மூட்டு வலிக்கிறது. வலிப்பதால் நடையைக் குறைக்கிறோம். நடை குறைவதால் தசை இன்னும் மெலிகிறது. “ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும்” என்று நம் வீடுகளில் சொல்லும் வார்த்தை காய்ச்சலுக்குப் பொருந்தும். தேய்மான முட்டிவலிக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

விழுவது சாதாரண விஷயம் அல்ல. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததன் காரணமாக உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். உயிர் தப்பினாலும், இடுப்பெலும்பு முறிந்த பலர் பழையபடி நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை. ஒருமுறை விழுந்தவருக்கு மனத்தில் புகும் பயமும் ஒரு நோய்தான். குளியலறைக்குக்கூடத் தனியாகப் போக அஞ்சி, நடையையே விட்டுவிடுகிறார்கள். அந்த பயமே அடுத்த விழுதலுக்கு வழி செய்கிறது. இதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாட்களாவது உடலின் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறது. நடைப்பயிற்சி நல்லது. ஆனால் நடை மட்டும் போதாது.

இனி, அந்தப் பெயர் விவகாரம்.

வகுப்பு பற்றி அறிவித்ததும் எங்களிடம் வந்த முதல் கேள்வி முட்டியைப் பற்றியதல்ல. “யோகாவா? அது கூடுமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. கேட்டவர்களை நாங்கள் பாராட்டுகிறோம். யோகம் என்பது அதன் பிறப்பிடத்தில் ஒரு சமய மரபோடு சேர்ந்தது. அதில் மந்திரங்களும் தியான முறைகளும் உண்டு. உலக முஸ்லிம்களிடையே இது குறித்து நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில் 2008இல் யோகாவைத் தவிர்க்குமாறு தீர்ப்பளித்தது. மந்திரம் ஓதுவதும் வழிபாட்டுக் கூறுகளும் அகீதாவைப் பாதிக்கும் என்பது அவர்கள் கவலை. வெறும் உடல் அசைவாகச் செய்வதில் தடையில்லை என்று அன்றைய பிரதமர் அப்துல்லாஹ் அஹ்மத் பதவி சில நாட்களிலேயே விளக்கம் சொன்னார். அடுத்த ஆண்டு இந்தோனேசியாவின் உலமா சபையும் மந்திரமும் சடங்கும் கலந்த யோகாவைத் தடுத்து, உடற்பயிற்சியாக மட்டும் செய்வதை அனுமதித்தது. சவூதி அரேபியாவில் 2017இல் யோகாவை ஒரு விளையாட்டுப் பயிற்சியாக அரசே அங்கீகரித்தது.

இந்த விவரங்களை எடுத்துக்கொண்டு நமதூர் ஆலிம்களிடம் போனோம். அவர்கள் பெயரைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. அங்கே என்ன சொல்லப்படுகிறது, என்ன செய்யப்படுகிறது, யார் நடத்துகிறார், யார் பார்க்கிறார் என்று கேட்டார்கள். நாங்கள் சொன்ன பதில் இதுதான்: மந்திரம் இல்லை, ‘ஓம்’ இல்லை, சூரிய நமஸ்காரம் இல்லை, கைகூப்பும் அசைவுகள் இல்லை, கண்ணை மூடி எதையும் தியானிக்கச் சொல்வதில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறோம். நடத்துபவர் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட். கூடத்தின் கதவு சாத்தியிருக்கும், கைபேசியில் படம் எடுக்க அனுமதியில்லை. இவ்வளவு தெளிவான பின்னர்தான் வகுப்பு தொடங்கியது.

பெயரை மாற்றிப் ‘பெரியவர்களுக்கான நாற்காலிப் பயிற்சி’ என்று பதிவுப் படிவத்தில் எழுதியிருக்கிறோம். ஆனால் எதையும் மறைத்து நடத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இந்த அசைவுகளில் பல, நாற்காலி யோகாவில் உள்ளவையே. மற்றவை பிசியோதெரபி வகுப்புகளில் சொல்லித் தரப்படுபவை. உண்மையில் இரண்டுக்கும் இடையே கோடு போடுவது கடினம். கையைத் தூக்குவதற்கும் கணுக்காலைச் சுழற்றுவதற்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. இதற்கு மேலும் ஒருவர் மனம் ஒப்பவில்லையென்றால் நாங்கள் வற்புறுத்தமாட்டோம். பிசியோதெரபிஸ்டிடம் தனியாகப் போய் முட்டிக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளட்டும். எதுவும் செய்யாமல் இருப்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

பயிற்சிக்கு நாற்காலியைத் துணையாகக் கொள்ளும் வழக்கம் புதிதல்ல. புணேயில் வாழ்ந்து 2014இல் மறைந்த பி.கே.எஸ். ஐயங்கார், நாற்காலி, கட்டை, கயிறு போன்றவற்றைத் துணைக்கு வைத்து நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். பின்னர் அமெரிக்காவில் தரையில் அமர முடியாதவர்களுக்கென்றே முழு வகுப்பும் நாற்காலியில் நடக்கும் முறை பரவியது. இதற்குப் பலன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தினர் மூட்டுத் தேய்மானம் உள்ள 131 முதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு முறை, 45 நிமிடம் வீதம் 8 வாரங்கள் நாற்காலி யோகாவும், மறு பிரிவினருக்கு உடல்நலம் பற்றிய பாடமும் நடத்தினர். பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது, நடையின் வேகம் கூடியது, சோர்வு தணிந்தது என்று 2016 இறுதியில் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அன்றாட வேலைகளுக்கு வலி தரும் இடையூறு குறைந்தது மட்டும் வகுப்பு முடிந்து மூன்று மாதம் வரை நீடித்தது. மற்ற பலன்கள் அவ்வளவு காலம் நிற்கவில்லை. இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தேய்ந்த குருத்தெலும்பை இந்தப் பயிற்சி வளர்த்துவிடாது. நிறுத்தினால் பலனும் மெல்ல நின்றுவிடும். ‘எட்டு வாரத்தில் முட்டிவலி போயே போச்சு’ என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள்.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கிறது?

மொத்தம் முக்கால் மணி நேரம். நாற்காலியின் முதுகில் சாயாமல், இருக்கையின் முன்பாதியில் நிமிர்ந்து அமர வேண்டும். பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்குக் காலடியில் ஒரு பலகை வைக்கிறோம். இப்படி அமர்வதே சிலருக்கு முதல் நாளில் பெரிய வேலையாக இருக்கும். வருடக்கணக்காகச் சாய்ந்தே உட்கார்ந்த முதுகு ஐந்து நிமிடத்தில் முறையிடும். முறையிட்டால் சாய்ந்துகொள்ளலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

முதலில் மூச்சு. மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, இழுத்ததைவிடச் சற்று நீளமாக விடுவது. மூச்சை அடக்குவது கிடையாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்த அசைவின்போதும் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதை ஆசிரியை திரும்பத் திரும்பச் சொல்வார். பிறகு தோள்களை உயர்த்தி இறக்குவது, பின்னோக்கிச் சுழற்றுவது. கழுத்தை இடமும் வலமும் மெல்லத் திருப்புவது. முழு வட்டமாகச் சுழற்றுவதில்லை. தொழுகை முடித்து ஸலாம் கொடுக்கும்போது எவ்வளவு திரும்புகிறோமோ அவ்வளவு போதும்.

அடுத்து முதுகு. கைகளைத் தொடையில் வைத்து, மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னால் தள்ளி, விடும்போது முதுகைக் கூன்போல வளைப்பது. பக்கவாட்டில் சாய்ந்து விலாவை நீட்டுவது. இடுப்பிலிருந்து மென்மையாகத் திரும்பிப் பின்னால் பார்ப்பது. பின் வலது காலை நேராக நீட்டி, குதிகாலை முன்னால் தள்ளி, விரல்களைத் தன் பக்கம் இழுத்து ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். முட்டியைத் தாங்கும் அந்தத் தொடைத் தசைக்கு இதுதான் முதல் பாடம். இடது காலுக்கும் அப்படியே. உட்கார்ந்தபடியே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி நடைபோடுவதும் உண்டு. இந்தக் கட்டத்தில் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

கணுக்காலுக்கும் கால்விரல்களுக்கும் தனியாக நேரம் ஒதுக்குகிறோம். விழாமல் நம்மைப் பிடித்து நிறுத்துவதில் கணுக்காலுக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பளத்தின் ஓரத்தில் கால் தடுக்கும்போது பாதத்தை நேரத்துக்குத் தூக்குவது அதுதான். அத்தஹிய்யாத்து இருப்பில் வலது பாதத்தை நட்டு விரல்களை மடக்க முடியாமல் போய்விட்டது என்று சொன்னவர்களுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்துவிட்டது.

கடைசி பத்து நிமிடம் நின்றபடி. நாற்காலியின் பின்னால் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது, ஒரு காலைச் சற்றே தூக்கி நிற்பது. நிற்கவே இயலாதவர்கள் இதை விட்டுவிடலாம். பிறகு எல்லாவற்றுக்கும் தலையான ஒன்று: நாற்காலியிலிருந்து எழுந்து, மீண்டும் அமர்வது. மெதுவாக, ‘தொப்’பென்று விழாமல் அமர்வது. எழுவதைவிட மெதுவாக அமர்வதுதான் தசைக்கு நல்ல வேலை.

இந்த எழுந்தமர்தலை வைத்தே உங்கள் கால் வலுவை வீட்டில் சோதிக்கலாம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் முதியவர்களுக்கென வைத்திருக்கும் எளிய சோதனை இது. சுமார் 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். அருகில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். 65 முதல் 69 வயது வரையுள்ள பெண்ணுக்கு 11க்குக் குறைந்தாலும், ஆணுக்கு 12க்குக் குறைந்தாலும் விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10, ஆணுக்கு 12. 80ஐத் தாண்டி 84 வரை பெண்ணுக்கு 9, ஆணுக்கு 10. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லையென்றால் எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யம் வந்தால் மனம் தளர வேண்டாம். முதலில் கையை ஊன்றி எழுந்து பழகி, பிறகு ஒரு கை, பிறகு விரல் நுனி என்று குறைத்துக்கொண்டு வருவதுதான் வகுப்பில் கையாளும் வழி.

எங்கள் முயற்சி வகுப்புக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். சிலர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். ஒருவர், “இது என்ன பிள்ளை விளையாட்டு, வேர்க்கவே இல்லையே” என்றார். வேர்க்காதுதான். மென்மையான பயிற்சியின் குணமும் குறையும் அதுவே. கால் வலு நன்றாக உள்ளவர்கள் இதோடு நின்றுவிடக் கூடாது. அவர்களுக்கு விரைவு நடை போன்றவை வேண்டும். தொடர்ந்து வந்தவர்களிடம் நாங்கள் கண்ட மாற்றம் சின்னச் சின்ன விஷயங்களில்தான். ஒரு மூதாட்டி, மகளின் தோளைப் பிடிக்காமல் ஆட்டோவிலிருந்து இறங்கத் தொடங்கினார். இன்னொருவருக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, ஆனால் இரவில் கழிப்பறைக்குப் போக யாரையும் எழுப்புவதில்லையாம். அவர் வீட்டில் இருப்பது மருமகள் மட்டும். மகன் சவூதியில். பகலெல்லாம் வேலை பார்த்த பெண்ணை இரவில் எழுப்புவது அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்பது வயதான பெற்றோர் உள்ள வீடுகளுக்குப் புரியும்.

யார் யார் கவனமாக இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து செய்வதுதானே என்று அலட்சியம் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்தான் நம்மிடையே அதிகம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023இல் கணக்கிட்டது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் பயிற்சிக்கு வரவே கூடாது. படபடப்பு, கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டல் ஆகியவை சர்க்கரை இறங்குவதற்கான அறிகுறிகள். உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். வகுப்பில் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் எப்போதும் இருக்கும். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் குத்தியது கூடத் தெரியாது. கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும், கண் அழுத்த நோய் உள்ளவர்களும், அண்மையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் தலையைத் தாழ்த்திக் குனியும் அசைவுகளை விட்டுவிட வேண்டும்.

எலும்பு மெலிந்தவர்கள், முன்பே முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டவர்கள் ஆழமாகக் குனிவதும் இடுப்பை முறுக்குவதும் கூடாது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் காலின் மேல் கால் போடுவது, தாழ்ந்த நாற்காலியில் அமர்வது ஆகியவற்றைப் பற்றி அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எழுவதற்கு முன் பாதங்களைப் பத்து முறை ஆட்டிவிட்டு எழச் சொல்கிறோம். நெஞ்சில் வலி, இறுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அன்றைக்கு வகுப்பு முடிந்தது. வீட்டுக்கல்ல, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அசையும்போது தசை இழுப்பது இயல்பு. மூட்டில் குத்துவது போன்ற வலி வந்தால் அந்த அசைவை விட்டுவிடுங்கள். பொறுமை நல்ல குணம்தான். அதற்காகப் பயிற்சியில் வலியைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நாற்காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லார் வீட்டிலும் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு உதவாது. டைல்ஸ் தரையில் அதன் கால்கள் விரிந்து வழுக்கும், பழையதானால் திடீரென்று உடையும். கல்யாண வீட்டு மடக்கு நாற்காலியும் வேண்டாம். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி வேண்டவே வேண்டாம். நான்கு காலும் கனமாக நிற்கும் மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ எடுத்து, சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வெறுங்காலோடு அல்லது வழுக்காத செருப்போடு செய்யலாம். காலுறை மட்டும் அணிந்துகொண்டு டைல்ஸில் செய்யாதீர்கள். தரையைப் புரளும் நீள அபாயா காலில் சிக்கும். கூடத்தில் பெண்கள் மட்டுமே இருப்பதால் சுடிதாரோ, கணுக்காலுக்கு மேல் நிற்கும் ஆடையோ போதும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உம்மாவுக்காகவும் வாப்பாவுக்காகவும் நீங்கள் அனுப்பும் பொருட்கள் உங்கள் பாசத்தைக் காட்டுகின்றன. ஆனால் பல வீடுகளில் கால் பிடித்துவிடும் இயந்திரம் துணி போர்த்தி மூலையில் கிடப்பதைப் பார்க்கிறோம். வீடியோ அழைப்பில் “மாத்திரை போட்டீங்களா உம்மா?” என்று கேட்கிறீர்கள். அதோடு, “இன்னைக்கு எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தீங்க? இப்ப ஒரு அஞ்சு தடவை செஞ்சு காட்டுங்க, நான் எண்ணுறேன்” என்றும் கேட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் எண்ணினால் இன்னும் நல்லது. எங்கள் அனுபவத்தில், ஆசிரியை சொல்லிச் செய்யாததைப் பேத்தி சொல்லிச் செய்தவர்கள் உண்டு.

படுக்கையை விட்டே எழ முடியாதவர்களுக்கு இந்த வகுப்பு பொருந்தாது. அவர்களுக்குத் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் வீட்டில் கொண்டுவந்து தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். கட்டணம் இல்லை. நமதூரில் இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பது எங்கள் ஆதங்கம். விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் நமது அலுவலகத்துக்கு வந்தால் உடன் ஆள் அனுப்புகிறோம்.

ரமலானில் வகுப்பு பகலில் நடக்காது. நோன்பு திறந்து, மக்ரிப் தொழுது, கஞ்சி குடித்து ஒரு மணி நேரமாவது கழிந்தபின் வீட்டில் பத்து நிமிடம் அமர்ந்த அசைவுகளை மட்டும் செய்தால் போதும். தராவீஹ் தொழுபவர்களுக்கு அதுவே நல்ல அசைவு.

பெண்களுக்கான அடுத்த வகுப்பு இன்ஷா அல்லாஹ் ஞாயிறு, புதன் ஆகிய இரு நாட்களும் காலை பத்தரை மணிக்குத் தொடங்கும். ஆண்களுக்கு அஸர் தொழுகைக்குப் பின், சனிக்கிழமைகளில், ஆண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நடத்துவார். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரும் வரலாம். முயற்சி வகுப்புக்கே இருவர் வந்தார்கள். காலை உணவு முடிந்து இரண்டு மணி நேரம் ஆனபின் வருவது நல்லது. தண்ணீர்ப் புட்டியும், இப்போது எடுத்துவரும் மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். கண்ணாடி அணிபவர்கள் அதை மறக்க வேண்டாம். முதல் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் உடன் வந்தால், அசைவுகளை அவரும் பார்த்துக்கொண்டு வீட்டில் நினைவுபடுத்த வசதியாக இருக்கும். பெயர் கொடுக்க விரும்புவோர் வெள்ளி தவிர மற்ற நாட்களில் லுஹருக்கும் அஸருக்கும் இடையே அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். நேரில் வர இயலாதவர்கள் மதரஸா உஸ்தாதாக்களிடம் சொல்லியனுப்பினாலும் பதிவு செய்துகொள்வோம். கூடத்தில் இருபது நாற்காலிகளுக்குத்தான் இடம் இருக்கிறது; அதற்கு மேல் பெயர்கள் வந்தால் மதிய வேளையில் இன்னொரு வகுப்பு வைக்க ஆசிரியை சம்மதித்திருக்கிறார்.